வீட்டை விட்டுப் போக வேண்டிய ஆள்

எங்கள் தொழிலில், வந்த காரியத்தைச் சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. பல்லுக்கொதி வந்தவன் வைத்தியரிடம் போய் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவான். புருசனிடம் அடி வாங்கியவள் என்னிடம் வந்து பயிற்றங்காய் விதை இருக்கிறதா என்று கேட்பாள்.

வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் பெண்கள் அலுவல்களைப் பார்க்கிற உத்தியோகத்தர் நான். தையல் வகுப்பு, வீட்டுத்தோட்டப் போட்டி, விதைப் பக்கற் விநியோகம், இவற்றுக்கு நடுவே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காப்பாற்றுவது. எல்லாவற்றுக்கும் ஒரே மேசை, ஒரே பேனை. இதை வாசிக்கிற நீங்களும் அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவராகவோ இந்தப் பக்கம் இருந்து தலையிடி வாங்கியவராகவோதான் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் ஊருக்குத் தெரியும், அது வேறு விசயம்.

இரகசியம் பேணப்படும்

என் மேசைக்கு மேலே சுவரில் 'இரகசியம் பேணப்படும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் வாகன வரிப்பத்திரம் எடுக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கட்டடம் சின்னது, யாரையும் குறை சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கையில் ஹெல்மெற்றோடு பதினைந்து பேர் என் பலகையை வாசித்துக்கொண்டு நிற்பார்கள்.

சுகந்தினி வந்த அன்றும் அப்படித்தான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், தெல்லிப்பழைப் பக்கம். விதை கேட்டாள். எனக்கு மூன்று கேள்விப் பழக்கம் ஒன்று உண்டு. முதல் கேள்வி விதையைப் பற்றி. இரண்டாவது, பிள்ளைகள் எந்த வகுப்பு. மூன்றாவது, "வீட்டிலை எல்லாரும் சுகமோ?" அதைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கக் கூடாது, குனிந்து படிவத்தை நிரப்ப வேண்டும். ஒன்றும் இல்லாதவர்கள் "ஓம் மிஸ்" என்று சொல்லி விதையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள்.

சுகந்தினி எழும்பவில்லை. மேசையைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "என்ன பிள்ளை?" என்றேன். இன்னும் மெதுவாகச் சொன்னாள். வரிசை முழுதும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றது. முன்னால் நின்ற பெரியவர், உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு, ஹெல்மெற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் பலமாய்ச் சொல்லுங்கோ. மிஸ்ஸுக்கு விளங்கேல்லைப் போலை."

வழுக்குகிற கிணற்றடிகள்

அவளைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப் போனேன். பழுதான தையல் மெசின்கள் நடுவே இரண்டு ஸ்டூல். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். "கிணத்தடியிலை வழுக்கி விழுந்தனான், மிஸ்" என்றாள். எங்கள் பகுதியில் கன்னம் வீங்கினாலும் கிணற்றடி, விலா நொந்தாலும் கிணற்றடி. அந்த முறை மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சும்மா இருப்பதற்கும் அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று சொல்வார்கள். எங்கள் வேலையில் அது உண்மைதான், அதுதான் கடினமான பகுதி. கடைசியில் அவளே சொன்னாள். பதினாலு வருடக் கதை.

அவள் கணவர் தவராசாவை எனக்கு நன்றாகத் தெரியும். வெங்காயத் தோட்டக்காரர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். முந்தின வருடம் அந்தக் கிராமத்தில் நான் நடத்திய குடும்ப வன்முறை விழிப்புணர்வுக் கூட்டத்துக்குக் கதிரை கொண்டுவந்து அடுக்கியவர் அவர். பெண்கள் நாட்டின் கண்கள் என்று நன்றியுரை சொன்னவரும் அவர். நான் கை தட்டியிருக்கிறேன்.

"உனக்கு என்ன வேணும், பிள்ளை?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அவரை மறியலிலை போட வேண்டாம். என்ரை வீட்டிலை நானும் பிள்ளையளும் பயமில்லாமல் இருக்கோணும். அவ்வளவுதான்." அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்றேன். நீதவானிடம் விண்ணப்பித்துப் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம்; அடிக்கிறவரை வீட்டுக்குள் வரக் கூடாதென்றே சொல்லலாம் என்றேன். "அவரையோ? வீட்டை விட்டோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். பிறகு அவள் சம்மதத்தோடு, கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த தாதி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, எப்போது வந்து போனாள் என்று விசாரித்தேன். அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏன் எண்டு தெரியேல்லை மிஸ், உங்கடை பக்கத்துக் கிணத்தடியள் ஞாயிற்றுக்கிழமையிலைதான் கூட வழுக்குது."

அம்மா வீடு

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிய சார்ஜன்ற் நல்ல மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். நிலையத்தில் இருந்தவர்களைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னார். அந்த மேசையில் அவ்வளவு மரியாதையை நான் முன்பு கண்டதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாக எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடினார். "பிள்ளை, இப்போதைக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் அம்மா வீட்டை போய் இருங்கோ. ஆளின்ரை கோபம் ஆறட்டும்" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து இறங்குவார். ஆறு மாதத்தில் ஊர் அந்த வீட்டை அவர் பெயரால் அழைக்கத் தொடங்கும். ஆறு வருடத்தில், அவர் சூட்கேசோடு வந்ததை அவரே மறந்துவிடுவார். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தாலும், 'வெளியே போ' என்ற சொல் அந்தப் பெண்ணை நோக்கித்தான் வரும். அவளும் வீட்டு உறுதிப்பத்திரம் தன் பெயரில் இருப்பதை மறந்து, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவாள்.

சுகந்தினி சார்ஜன்றிடம் அடக்கமாகச் சொன்னாள்: "ஐயா, அம்மா கண்மூடி நாலு வருசம். அம்மா வீட்டைத்தான் எனக்குச் சீதனமாய் எழுதினது. நான் இருக்கிறது அம்மா வீட்டிலைதான்." சார்ஜன்ற் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே அவளுக்கு உதவ வேண்டும் என்று யோசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ பிள்ளை, மாமியார் வீட்டை போங்கோ."

விதானையாரின் கொப்பி

வீடு அவளுடையது, அவள் அங்கே வசிக்கிறாள் என்று ஒரு கடிதம் வேண்டியிருந்தது. கிராம அலுவலரான விதானையாரிடம் போனோம். சுகந்தினி உறுதியைப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். விதானையார் உறுதியை ஒருதரம் வாசித்தார். பிறகு தன் பதிவுக் கொப்பியை எடுத்தார். அதில் பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் தவராசா என்று எழுதியிருந்தது. சுகந்தினி இரண்டாவது வரியில் இருந்தாள். உறவு: மனைவி.

அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. கடிதம் தர ஒரு கிழமை தேவை என்று மட்டும் சொன்னார். ஏன் ஒரு கிழமை என்று கேட்டேன்.

"உறுதியிலை அவ இருக்கிறா மிஸ், கொப்பியிலை அவர் இருக்கிறார். நான் இவ்வளவு காலமும் கொப்பியைப் பாத்துத்தானே வேலை செய்தனான்!"

இரண்டாம் பரிசு

இப்போது நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஒரு வீட்டின் நிலைமையை நேரில் பார்க்க வேண்டுமென்றால், 'வன்முறை நடக்குதாம், பாக்க வந்தனான்' என்று படலையைத் தட்ட முடியாது. நாங்கள் வீட்டுத்தோட்டப் போட்டிக்குப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போவோம். நானும் அப்படித்தான் போனேன். தவராசா வாசலுக்கு வந்து வரவேற்றார். கத்தரி, பயிற்றை, பசளி, தக்காளி, எல்லாவற்றையும் ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினார். அவ்வளவும் சுகந்தினி ஒற்றைக் கையால் தண்ணீர் விட்டு வளர்த்தவை என்று எனக்குத் தெரியும். அவள் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றாள். "எல்லாம் நான் ஒருத்தன் ஓடித் திரியிறதுதான், மிஸ். இவவுக்கு இப்ப கையும் ஏலாது" என்றார் அவர்.

போட்டி என்று சொல்லிவிட்டுப் புள்ளி போடாமல் வர முடியாதே. கோபத்தில் குறைத்துப் போட மனம் சொன்னது. ஆனால் அந்தக் கத்தரியைப் பார்த்தால் யாருக்கும் மனம் வராது. அது அவளுடைய கத்தரி அல்லவா? நேர்மையாகப் புள்ளி போட்டேன். கோவையில் குடும்பத் தலைவர் பெயர்தான் இருந்தது. விளைவு, எங்கள் பிரிவிலேயே இரண்டாம் பரிசு தவராசாவுக்கு. அடி வாங்குகிறவளின் பாதுகாப்பைப் பார்க்கப் போய், அடிக்கிறவருக்குச் சான்றிதழ் கொடுத்த உத்தியோகத்தர் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பரிசளிப்பு மேடையில் அவர் பொன்னாடையோடு நின்று ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒற்றுமையான குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தத் தோட்டமே சாட்சி என்று சொன்னால் அது மிகையாகாது!"

பட்டுச்சேலைக்குள் ஒரு கை

விதானையாரின் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி அறிக்கையும் கிடைத்தது. சட்ட உதவிக்கு ஒரு சட்டத்தரணியையும் ஒழுங்கு செய்தேன். அப்போது சுகந்தினி வந்து, மூத்தவள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சடங்கு வைக்க வேண்டும் என்றாள். "சாமத்தியவீடு முடியட்டும் மிஸ். தகப்பன் இல்லாமல் எப்பிடிச் சபையிலை நிப்பன்?" எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு நாள் வீடியோவுக்காக இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. அழைப்பிதழை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

போனேன். போகாமல் இருந்தால் ஊர் அதற்கும் ஒரு கதை கட்டும். மண்டபத்தில் தவராசா எல்லோரையும் வாங்கோ வாங்கோ என்று கையைப் பிடித்து இருத்தினார். நானும் இருந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தரமும் வாங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. குடும்பப் படம் எடுக்கிற நேரம் வந்தது. படப்பிடிப்பாளர் கமராவுக்குள் பார்த்தார், திருப்தியில்லை, தலையை நிமிர்த்தினார்.

"அக்கா, அந்தக் கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள்ளை விடுங்கோ, அண்ணை, நீங்கள் அக்காவைக் கொஞ்சம் அணைச்சுக்கொண்டு நில்லுங்கோ!"

ஆறு நாள் கணக்கு

சாமத்தியவீடு முடிந்து நாலாம் நாள், தாய்க்கு விழ இருந்த அடியை மகள் இடையில் புகுந்து வாங்கினாள். காதில் பட்டது. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் சுகந்தினி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எழுதுங்கோ மிஸ்" என்றாள். அந்தப் பிள்ளையின் வீங்கிய காதைப் பார்த்தபோது, நான் அந்த மண்டபத்தில் சாப்பிட்ட சோறு எனக்குக் கசந்தது. வெட்கமாக இருந்தது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

சட்டத்தரணி இளம் பிள்ளை, கெட்டிக்காரி. சத்தியக் கடதாசிக்குத் திகதிகள் வேண்டும் என்றார். சுகந்தினிக்குத் திகதி ஒன்றும் தெரியாது. ஆனால் விரதம் எல்லாம் தெரியும். "கையை முறிச்சது ஆடி அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு. தலையிலை அடிச்சது நல்லூர்க் கொடியேறின அண்டு. சின்னவனுக்கு முன்னாலை அடிச்சது திருவெம்பாவை முடிஞ்ச கையோடை." சட்டத்தரணி பஞ்சாங்கக் கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்துவைத்து, பண்டிகைகளை ஒவ்வொன்றாகத் திகதியாக மாற்றினார். ஒரு வருடத்து விரதங்கள் அத்தனையும் நீதிமன்றத்துக்குப் போகிற கடதாசியில் வரிசையாக ஏறின.

வாசித்துக் காட்டினார். 'எதிராளி தொடர்ச்சியாகத் தாக்கி வந்துள்ளார்' என்ற இடத்தில் சுகந்தினி கையை உயர்த்தினாள். அது பிழை என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

"கந்தசட்டி ஆறு நாளும் அவர் விரதம், கை வைக்கேல்லை. அதையும் போடுங்கோ பிள்ளை, நான் பொய் சொன்னதாய் இருக்கக்கூடாது."

அவர் எங்கே போவார்?

விண்ணப்பம் போட்ட செய்தி ஊரில் பரவ ஒரு நாள்கூட எடுக்கவில்லை. அந்தக் கிழமை முழுதும் என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கோயில் தர்மகர்த்தா கேட்டார். சங்கச் செயலாளர் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், மனிதர் மூன்று வருடமாக என்னிடம் பேனை இரவல் கேட்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை, அவரும் கேட்டார். பாவம், அந்த மனுசன் வீட்டை விட்டு எங்கே போகும்? இந்த வேலையில் எத்தனையோ பெண்கள் பிள்ளையை இடுப்பிலும் பையைக் கையிலும் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் என்னிடம் வந்து கேட்டதில்லை.

நீதவானும் கேட்டார், ஆனால் அவர் கேட்க வேண்டிய இடம் அது. ஆளை வெளியே அனுப்பினால் தங்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பது முறைதான். தவராசா தன் தாய் வீடு வட்டுக்கோட்டைப் பக்கம் என்றார். அந்த வீடு இப்போது அவர் தங்கை மலருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மலரும் வந்திருந்தாள். நீதிமன்றத்துக்கு வெளியே வாங்கில் இருந்தபடி காலை முழுதும் சுகந்தினிக்குப் புத்தி சொன்னவள் அவள்தான். ஆம்பிளை என்றால் அப்படித்தான், பொம்பிளைதான் அனுசரித்துப் போக வேண்டும், பதினாலு வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க ஏலாதா? இதையெல்லாம் சுகந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

இடைக்காலக் கட்டளை கிடைத்தது. அடுத்த விசாரணை வரைக்கும், பதினாலு நாளுக்கு, தவராசா அந்த வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் பக்கமும் போகக் கூடாது. அதற்குப் பிறகு கட்டளை நிலைக்குமா, அவர் திரும்பி வருவாரா என்பது அந்த விசாரணையில்தான் தெரியும். வெளியே வந்ததும் மலர் தமையனின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"என்ரை அண்ணை தெருவிலை நிக்கமாட்டார்! என்ரை வீடு இருக்கு, நான் தங்கமாய் வைச்சுப் பாப்பன்!"

சாரம் எங்கே?

உடுப்பு எடுக்க ஒரு தரம் மட்டும் பொலிஸோடு வரலாம். அதே சார்ஜன்ற் கூட்டி வந்தார். நானும் போயிருந்தேன். சுகந்தினியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தவராசா அலுமாரியைத் திறந்தார். அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினாலு வருடமாக உடுப்பு கட்டிலில் மடித்து வந்திருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்த்ததில்லை. மேல்தட்டை இழுத்தார், பிள்ளைகளின் சீருடை விழுந்தது. கீழ்த்தட்டை இழுத்தார், போர்வை விழுந்தது. கடைசியில் தலையை நிமிர்த்தி, பழக்கதோசத்தில், "சாரம் எங்கையப்பா?" என்று வீட்டுக்குள் கூப்பிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சுகந்தினிக்கு அது கேட்டிருக்கிறது. நான் தடுப்பதற்குள் உள்ளே வந்துவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. ஒரு கையாலேயே சாரம் நாலு, சேட்டு ஐந்து, துவாய், சவரப் பெட்டி, பிறசர் குளிசை எல்லாவற்றையும் சூட்கேசில் அடுக்கி மூடி, வாசலில் கொண்டுபோய் வைத்தாள். எனக்கு அவளில் கோபமும் வந்தது, அவளைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல் இருந்தது. சார்ஜன்ற் கட்டளையின் பிரதியை எடுத்துத் தலை முதல் கால் வரை வாசித்தார்.

"மிஸ், அவர் கிட்டப் போகக்கூடாது எண்டுதானே கிடக்கு, அவ பெட்டி அடுக்கிக் குடுக்கக்கூடாது எண்டு எங்கையும் இல்லையே?"

ஒன்பதாம் நாள்

விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது மலர் என் அலுவலகத்துக்கு வந்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். தமையனை வைத்திருக்க வசதியில்லை என்று இவள் சொன்னால் போதும். போக இடமில்லாத மனிதர் என்று அவர்கள் பக்கம் வாதாடும், சுகந்தினியின் வாசலில் அந்தச் சூட்கேஸ் திரும்பவும் வந்து நிற்கும். சுகந்தினி அந்த ஒன்பது நாளில்தான் பகலில் படுத்து நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தாள். சின்னவன் வீட்டுக்குள் சத்தம் போட்டு விளையாடத் தொடங்கியிருந்தான்.

மலர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லத் தொடங்கினாள். முதல் இரண்டு நாள் நல்ல மாதிரி. மூன்றாம் நாள் குழம்பில் உப்புக் காணாதென்று கோப்பை சுவருக்குப் போனது. ஐந்தாம் நாள் மலரின் கணவரை 'வீட்டோடை மாப்பிள்ளை' என்று பேசினார். தானும் அதுதான் என்பதை அந்த நேரம் மறந்துபோனார் போலும். எட்டாம் நாள் மலர் ஏதோ எதிர்த்துச் சொல்ல, குசினிக் கதவோடு சேர்த்துத் தள்ளினார். முழங்கையைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது. "நான் சொந்தத் தங்கச்சி, மிஸ். எனக்கே இப்பிடி எண்டால், அவள் எப்பிடி இருந்திருப்பாள்? நான் அவளுக்கு எவ்வளவு புத்தி சொன்னனான்!" என்று அழுதாள். சிரிக்க வேண்டிய இடம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் விசாரணைக்கு வந்தாள். கூண்டில் ஏறி, அண்ணையை எங்கே அனுப்பினாலும் சுகந்தினியின் வீட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சொன்னாள். கட்டளை பன்னிரண்டு மாதத்துக்கு நிலைத்தது. தவராசா இப்போது சந்தையடியில் ஒரு அறை எடுத்து இருக்கிறார். ஊர் பயந்தது போல் தெருவில் நிற்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஒன்பதாம் நாள்தான். மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள், கதவடி வரைக்கும் போனாள், திரும்பி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், உந்தக் கட்டளையைத் தங்கச்சிமாரும் எடுக்கலாமோ?"

எடுக்கலாம், சட்டம் மனைவிக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பொறுமையைத்தான் எங்கள் ஊர் ஒருத்திக்குப் பதினாலு வருடமும் மற்றவளுக்கு ஒன்பது நாளுமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது.